இருபத்திரண்டு டிகிரி

வூச் என்றால் இவர்கள் மொழியில் படகு என்று பொருள்.
பெயரில்தான் படகு. ஆறுகளையெல்லாம் குழாயில் போட்டுத்
தெருவுக்கடியில் புதைத்துவிட்டார்கள்.
புதைத்தது புதைந்தே கிடக்கும் என்று நம்புகிறவர்கள்
எங்கள் கட்டடத்தின் நிலவறைக்கு
ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம்.
பம்ப் நின்றால் நாற்பது நிமிடம்.
அப்புறம் ஆறு படியேறும்.

அந்த நாளில் நூற்பாலை, இன்றைக்குக் காப்பீட்டு நிறுவனம்.
ஆறு மாடி, இரண்டு லிஃப்ட், முந்நூற்றுப் பதினொரு சாவி,
அதில் ஒன்பதுக்குப் பூட்டு எதுவென்று தெரியாது.
நான் போக்னா, பராமரிப்பு மேலாளர்.
கழிப்பறையில் காகிதம் தீர்ந்தால்
என் பெயர் எல்லோருக்கும் நினைவு வரும்.
தீராத நாட்களில் நானும் ஒரு சுவர்.

நான்காம் மாடியில் இரெனேயுஷ் வெந்துபோவார்.
இரண்டு மேசை தள்ளி லெயோகாடியா விறைத்துப்போவார்.
ஒரே காற்று, ஒரே குழாய், ஒரே இருபத்திரண்டு டிகிரி.
ஒரு குளிர்காலத்தில் நாற்பத்தொரு புகார்:
‘சகிக்கவில்லை’, ‘இது மனிதர் இருக்கிற இடமா’,
ஒன்றில் வெறும் ஆச்சரியக்குறி.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை
வெள்ளைப் பெட்டியொன்று வாங்கி வந்து
தூணில் இரண்டு திருகாணி போட்டு மாட்டினேன்.
திருகினால் சொடக்கென்று சத்தம் வரும், எண் மாறும்,
பச்சை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும்.
பின்னால் கம்பி கிடையாது.
பின்னால் செங்கல்,
செங்கல்லின் இடுக்குகளில்
நூற்று முப்பது வருஷத்துப் பஞ்சுத்தூசி.

காலை எட்டேகாலுக்கு இரெனேயுஷ் பத்தொன்பதில் வைப்பார்,
சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார்.
பதினொரு மணிக்கு லெயோகாடியா இருபத்து மூன்றுக்குத் திருப்புவார்,
சால்வையை மடித்து நாற்காலியில் போடுவார்.
புகார் நின்றது.
ஆண்டறிக்கையில் ‘தீர்க்கப்பட்டது’ என்று எழுதினேன்.
பொய்யா என்று கேட்காதீர்கள்,
அந்தப் பொத்தானை நான் கண்ணால் பார்த்தேன்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி நிஜமாகவே பம்ப் நின்றது.
நானும் ரதெக்கும் முழங்கால்வரை ஆற்றில்,
அவன் வாயில் டார்ச், என் கையில் தேய்ந்த வால்வு.
விடிய நாலரைக்கு அது இருமிக்கொண்டே ஓடத் தொடங்கியது.
எட்டேகாலுக்கு மேலே சொடக்.
யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.
தெரியாமல் இருப்பதுதான் நமக்குச் சம்பளம் என்றேன்.
ரதெக் காலுறையைப் பிழிந்துகொண்டே
‘அதை வங்கியில் போட முடியுமா?’ என்றான்.

போன வெள்ளி லெயோகாடியா ஓய்வு பெற்றார்.
கேக் முடிந்தபின் அடையாள அட்டையை ஒப்படைக்க வந்தவர்
என் மேசைமேல் ஒரு திருகாணியை வைத்தார்.
‘ஆறு குளிர்காலமாக என் டிராயரில் கிடந்தது.
பெட்டி ஒருநாள் கழன்று தொங்கியது.
மாட்டப்போய்ப் பின்னால் பார்த்துவிட்டேன்.’
அதற்குப் பிறகும் ஏன் திருகினீர்கள்?
சால்வை நுனியை விரலில் சுற்றினார்.
‘அந்த மனுஷர் என்னோடு பேசியதே
அப்படித்தானே.’

செவ்வாய்க்கிழமை,
ஏழு வருஷத்தில் முதல்முறையாக
நான்காம் மாடியிலிருந்து ஒரு புகார்.
அனுப்பியவர்: இரெனேயுஷ்.
குளிர்கிறது.
அவ்வளவுதான். ஆச்சரியக்குறிகூட இல்லை.

வெப்பமானியோடு போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டு.
வெள்ளியன்று லெயோகாடியா வைத்த
இருபத்து மூன்றிலேயே பெட்டி நின்றிருந்தது.
யாரும் தொடவில்லை.

‘நிலை’ என்ற கட்டம் இன்னும் காலி.
வியாழன் லிஃப்ட் ஆய்வு.
மூன்றாம் மாடியில் சோப்பு தீர்ந்திருக்கிறது.
மேசைமேல் அந்தத் திருகாணி,
கீழே பம்ப் ஓடும்போது
லேசாக நடுங்குகிறது.